ஐந்தாவது கையெழுத்து

சாமி,

நீ பயிற்சிக்குப் போய் இரண்டு மாதம் ஆகிறது. ஞாயிறுதோறும் பத்து நிமிடம் போனில் பேசுகிறோம். காலில் கொப்புளம் ஆறிவிட்டதா, சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா என்று நான் கேட்கிறேன். நீ பதில் சொல்லி முடிப்பதற்குள் பின்னாலிருந்து யாரோ உன்னைக் கூப்பிட்டுவிடுகிறார்கள். பத்து நிமிடத்தில் சொல்லக்கூடியதாக இருந்தால் இதையும் போனிலேயே சொல்லியிருப்பேன். மூன்று ஞாயிறு முயன்று பார்த்தேன். மூன்று முறையும் கொப்புளத்தைப் பற்றியே பேசிவிட்டு வைத்துவிட்டேன். அதனால் இன்று மதியம் கடையில் உட்கார்ந்து எழுதுகிறேன். மதியத்தில் கடைக்கு ஆள் வருவது எப்போதுமே குறைவு. இப்போது காலையிலும் குறைந்துவிட்டது. காரணம் இதைப் படித்து முடிக்கும்போது உனக்கே தெரியும். அடுத்த வருடம் இந்நேரம் நீ ஏதோ ஒரு ஸ்டேஷனில் எஸ்.ஐ.யாக இருப்பாய். அதற்குள் உன் அப்பாவைப் பற்றி ஒரு விஷயம் உன் காதுக்கு எப்படியும் வந்துவிடும். அது அடுத்தவர் வாயிலிருந்து வரக்கூடாது என்று நினைக்கிறேன்.

நான் அரசு ஆஸ்பத்திரி கேட்டுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருப்பதும், கேட்பவர்களுக்கு மனு எழுதித் தருவதும் உனக்குத் தெரியும். அந்தக் கடையில் உட்கார்ந்துகொண்டு நான் செய்த இன்னொரு வேலை உனக்குச் சரியாகத் தெரியாது. ஆஸ்பத்திரிக்குப் பின்னால் மார்ச்சுவரி. விபத்தோ, தூக்கோ, கிணற்றில் விழுந்ததோ, காரணம் தெரியாத சாவோ, உடல் அங்கேதான் வரும். வந்ததும் ஒரு கான்ஸ்டபிள் ரோட்டைத் தாண்டி வருவார். "ஏனுங்ணா, ஒரு கையெழுத்துங்க. அஞ்சே நிமிசம்" என்பார். நான், டீக்கடைக்காரர், பழக்கடைக்காரர், சைக்கிள் ஸ்டாண்டுக்காரர், ஆட்டோ ஸ்டாண்டிலிருந்து யாராவது ஒருவர் என்று ஐந்து பேர் போவோம். பிரேத விசாரணை அறிக்கையில் 'பஞ்சாயத்தார்' என்று போட்டிருக்கும் இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுத் திரும்பி வருவோம். கடையை யாரிடமும் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுக்கூடப் போவதில்லை. அவ்வளவு சீக்கிரம் முடிந்துவிடும். இத்தனை வருடத்தில் எத்தனை பேருக்குப் போட்டேன் என்று கேட்டால் என்னால் சொல்ல முடியாது. அவர்களில் பாதிப் பேருடைய முகத்தை நான் பார்த்ததே இல்லை.

நீ இப்போது இதைப் பாடமாகப் படித்துக்கொண்டிருப்பாய். நான் படித்தது மிகவும் பிந்தி, எல்லாம் முடிந்த பிறகு. ஒருவர் இயற்கைக்கு மாறாக இறந்தால், ஸ்டேஷனிலிருந்து வருபவர் அந்த வட்டாரத்து மனிதர்கள் முன்னிலையில் உடலைப் பார்க்க வேண்டும். என்ன உடை, என்ன காயம், எங்கே கிடந்தது, கடைசியாக உயிரோடு பார்த்தவர் யார் என்று எழுத வேண்டும். பிறகு, எதனால் இறந்திருப்பார் என்று பஞ்சாயத்தாரிடம் கேட்டு அவர்கள் அபிப்பிராயத்தையும் எழுத வேண்டும். போலீஸ்காரர் தன் வேலையைச் செய்தார் என்பதற்குத்தான் நாங்கள் சாட்சி என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அது தப்பு. செத்தவரால் வாய் திறக்க முடியாது; சொந்தக்காரர்களுக்குப் பயம் இருக்கலாம், ஆசை இருக்கலாம்; போலீசுக்கு அவசரம் இருக்கலாம். இதில் எதுவும் இல்லாத ஐந்து பேர் நின்று கண்ணால் பார்த்துச் சொல்லட்டும் என்றுதான் அந்த இடத்தை வைத்திருக்கிறார்கள். அந்த இடத்தில்தான் நாங்கள் ஐந்து பேரும் டீ ஆறுவதற்குள் போய்விட்டு வந்துகொண்டிருந்தோம்.

எல்லா அதிகாரியும் அப்படி விடவில்லை, அதையும் சொல்ல வேண்டும். ஆறேழு வருடத்துக்கு முன் நம் ஸ்டேஷனுக்கு ஒரு அம்மா எஸ்.ஐ.யாக வந்தார். பஸ் ஸ்டாண்டில் ஒரு வயசாளி இறந்து கிடந்தார், பேர் ஊர் தெரியாது. நாங்கள் வழக்கம்போலப் பேனாவோடு போய் நின்றோம். "கையெழுத்து அப்பறம். மொதல்ல எல்லாரும் கிட்ட வந்து பாருங்க" என்றார் அந்த அம்மா. கையுறை போட்டுக்கொண்டு அவரே கையைத் தூக்கி, காலைத் திருப்பி, வேட்டி மடிப்பைப் பிரித்துக் காட்டினார். இடது கையில் பச்சை குத்தியிருந்த பெயரை டீக்கடைக்காரர்தான் எழுத்துக்கூட்டிப் படித்தார். வேட்டி முடிச்சில் சூரமங்கலத்து மருந்துக்கடைச் சீட்டு ஒன்று இருந்தது. இரண்டாம் நாள் சூரமங்கலம் ரயில்வே குவார்ட்டர்ஸிலிருந்து அவருடைய மகள் வந்துவிட்டாள். நாலு நாளாகத் தேடிக்கொண்டிருந்தாளாம். நாங்கள் அவசரப்பட்டிருந்தால் அவர் பேரில்லாத ஆளாகப் புதைக்கப்பட்டிருப்பார். அந்த அம்மா ஒரு வருடத்தில் மாறுதலாகிப் போனார். நாங்களும் பழையபடி ஆகிவிட்டோம்.

இனி தங்கராசுவைப் பற்றி. அவனுடைய பெயரை நீ என் வாயால் கேட்டதில்லை. பனமரத்துப்பட்டிக்காரன், முப்பத்திரண்டு வயது. நம் பக்கத்துக் கோழித்தீவன மில் ஒன்றில் வேலை செய்துகொண்டு, பெண்டாட்டி கோமதியோடும் ஒரு பெண் குழந்தையோடும் மில்லின் லைன் வீட்டில் குடியிருந்தான். போன வருடம் ஒரு நாள் காலை பதினோரு மணிக்கு மில்லின் வேனிலேயே அவனுடைய உடல் ஆஸ்பத்திரிக்கு வந்தது. வேலை செய்துகொண்டிருந்தபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தான் என்று மில் மேனேஜர் சொன்னார். அன்றைக்கு ஸ்டேஷன் ரைட்டர் லீவு. என் கையெழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். "நீங்களே எழுதிக் குடுத்துருங்கண்ணா" என்று எஸ்.ஐ. என்னைக் கூப்பிட்டார். இந்த எஸ்.ஐ. வேறு ஆள், நீ அவரைப் பார்த்திருக்கிறாய், பேர் வேண்டாம். மற்ற நால்வரும் வாசலிலேயே நின்றுவிட்டார்கள். எழுத வேண்டியவன் என்பதால் நான் மட்டும் உள்ளே போனேன்.

முகத்தைக் கழுவித் துடைத்திருந்தார்கள். சட்டை புதிது, மடிப்புக்கூடக் கலையவில்லை. முதுகைப் பார்ப்பதற்காகக் கான்ஸ்டபிள் அவனைப் புரட்டியபோது காதிலிருந்து மக்காச்சோள மணி இரண்டு மூன்று உதிர்ந்து தரையில் விழுந்தது. கொஞ்சம் சோளத் தூசியும் கொட்டியது. நான் குனிந்து முகத்தைப் பார்த்தேன். மூக்குத் துவாரம் இரண்டும் அந்தச் சோளத் தூசியால் அடைபட்டிருந்தன. கழுவியவர்கள் வெளியே மட்டும்தான் கழுவியிருக்கிறார்கள். பிறகு கையைப் பார்த்தேன். விரல் நகங்கள் பிய்ந்து, இரண்டு விரலில் சதையோடு வந்திருந்தன. நெஞ்சுவலி வந்தவன் எதைப் பிடித்துப் பிறாண்டினான்? நான் நிமிர்ந்து எஸ்.ஐ.யைப் பார்த்தேன். அவரும் அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "மில்லுல வேலை செய்யறவன் மேல சோளம் இருக்காம வேற என்ன இருக்கும்" என்றார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, சுவரைப் பார்த்துச் சொன்னார். கான்ஸ்டபிள் கீழே கிடந்த சோளத்தைப் பூட்ஸால் ஓரமாகத் தள்ளிவிட்டார்.

வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தோம். எஸ்.ஐ. பேனாவை எடுத்து என்னிடம் நீட்டினார். நீட்டிக்கொண்டே, "பையன் ஓட்டம், கயிறு எல்லாம் முடிச்சுட்டான்னு கேள்விப்பட்டேன். இனி வெரிஃபிகேஷன்தான? நம்ம ஸ்டேஷனுக்குத்தான் வரும். நல்ல பையன். நான் பாத்துக்கறேன்" என்றார். உன் நடத்தை எப்படி என்று எழுதி அனுப்ப வேண்டியவர் அவர்தான். அவ்வளவுதான் சாமி. மிரட்டவில்லை, குரலைக்கூட உயர்த்தவில்லை. சிரித்த முகமாகத்தான் சொன்னார். கிணற்றுக்குள் இறங்கிய பிறகு மேலே மூடி போட்ட மாதிரி எனக்கு இருந்தது. நான் பேனாவை வாங்கிக்கொண்டேன். 'உடலில் காயம் ஏதும் இல்லை' என்று எழுதினேன். 'இறந்தவருக்கு ஆறு மாதமாக நெஞ்சுவலி இருந்தது என்றும், மாரடைப்பால் இறந்திருக்கலாம் என்றும், மரணத்தில் சந்தேகம் இல்லை என்றும் பஞ்சாயத்தார் ஒருமனதாக அபிப்பிராயப்படுகிறோம்' என்று எழுதினேன். நால்வரும் வாசலில் நின்றபடியே போட்டார்கள். ஐந்தாவதாக நான் போட்டேன்.

இதைவிடக் கேவலமானது அதற்கு அடுத்துச் செய்தது. சந்தேகம் இல்லை என்று பஞ்சாயத்தாரும் சொல்லி, குடும்பமும் எழுதிக் கொடுத்தால் உடலை அறுக்காமலே கொடுத்துவிட வழி இருக்கிறது. அதற்குக் கோமதியின் பேரில் ஒரு மனு வேண்டும். அவள் ஆம்புலன்ஸ் ஷெட்டுக்குக் கீழே தரையில் உட்கார்ந்திருந்தாள். அழுகை நின்றுபோய், சும்மா ஆஸ்பத்திரிச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் போய்க் குந்தினேன். "காத்தால சோறு தின்னுட்டுத்தானுங்க போனாரு. நெஞ்சு வலிக்குதுன்னு ஒரு நாளும் சொன்னதில்லீங்க" என்றாள். அவள் அதைச் சொல்லச் சொல்ல, 'என் கணவர் ஆறு மாதமாக நெஞ்சுவலியால் அவதிப்பட்டு வந்தார்' என்று நான் எழுதிக்கொண்டிருந்தேன். எழுதி முடித்ததும் கேட்டாள்: "என்னங்க எழுதியிருக்குது?" நான் சொன்னேன்: "உடம்ப அறுக்காம குடுக்கச் சொல்லி எழுதியிருக்குதும்மா." அது பொய்யில்லை, கடைசி வரியில் அதுதான் இருந்தது. மேலே இருந்த ஆறு வரியை நான் வாசிக்கவில்லை. "அறுக்க மாட்டாங்கல்ல?" என்று இன்னொரு முறை கேட்டுவிட்டு அவள் கையெழுத்துப் போட்டாள். எட்டாவது வரை படித்தவள். கொடுத்திருந்தால் அவளே படித்திருப்பாள். காகிதத்தை நான் என் கையிலேயே பிடித்துக்கொண்டுதான் அவளுக்குப் பேனாவைக் கொடுத்தேன்.

அன்றைக்கு மதியம் நான் வீட்டுக்கு வந்தது உனக்கு நினைவிருக்காது. நீ கிரவுண்டிலிருந்து வந்து ஊறவைத்த கொண்டைக்கடலையைத் தின்றுகொண்டிருந்தாய். நான் தலைக்கு ஊற்றிக்கொண்டு வந்து, தட்டில் போட்ட சோற்றை அப்படியே வைத்துவிட்டேன். "ஏம்ப்பா, மேலுக்குச் சொகமில்லீங்களா?" என்று கேட்டாய். வெயில் என்றேன். "வெரிஃபிகேஷன் முடிஞ்சா ஆர்டர்தாம்ப்பா" என்று சிரித்தாய். அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டே, நான் செய்தது சரிதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உன் மேல் பழியைப் போடுவதற்காக இதை எழுதவில்லை. நீ எதையும் கேட்கவில்லை. உனக்காகச் செய்தேன் என்று நினைத்துக்கொள்வது எனக்கு வசதியாக இருந்தது. உன் பேரைச் சொல்லாமல் வெறுமனே முறைத்துப் பார்த்திருந்தாலும் நான் எழுதியிருப்பேனோ என்னவோ. அத்தனை வருடமாகப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டுப் பழகியவனுக்கு, பார்த்துவிட்டுப் போடுவதற்குப் பெரிதாகத் தைரியம் எதுவும் தேவைப்படவில்லை.

நாலைந்து மாதம் கழித்துக் கோமதி என் கடைக்கு வந்தாள். நான் தலையை நிமிர்த்தவில்லை; அவளுக்கும் என்னை அடையாளம் தெரிந்த மாதிரி இல்லை. வக்கீல் ஒருவர் மூலம் வாங்கிய நகல்களை மேஜைமேல் வைத்து, இரண்டிரண்டு ஜெராக்ஸ் கேட்டாள். மேலே இருந்தது நான் எழுதிய அறிக்கை. அடியில் இருந்தது அவள் பேரில் நான் எழுதிய மனு. என் எழுத்தை நானே மெஷினில் வைத்து நகல் எடுத்தேன். அவளாகவே பேசினாள். மில்லில் வேலை செய்த ஒடிசாப் பையன் ஒருவன் வேலையை விட்டு ஊருக்குப் போகும்போது ரயிலிலிருந்து அவளுக்குப் போன் செய்திருக்கிறான். அரைகுறைத் தமிழில் சொன்னானாம். உயரமான தகரத் தொட்டிக்குள் சோளம் கட்டி தட்டி நின்றுவிட்டதாம். அதை உடைத்துவிடத் தங்கராசுவை உள்ளே இறக்கினார்களாம். இடுப்பில் கயிறு இல்லை. கீழே சோளத்தை இழுக்கும் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. நின்ற இடம் உள்வாங்கிக்கொண்டது. கை மட்டும் கொஞ்ச நேரம் வெளியே தெரிந்ததாம். "நெஞ்சு வலின்னு நானே எழுதிக் குடுத்திருக்கறதா இதுல இருக்குதுங்க. என்ற ஊட்டுக்காரரப் பத்தி நானே பொய் சொல்லியிருக்கறனுங்களாம்" என்றாள். அன்றைக்கே சொல்லியிருக்கலாம். அப்போதுதான் இறுதிப் பட்டியலில் உன் பேர் வந்து, வெரிஃபிகேஷன் காகிதம் எந்த நாளும் வரும் என்றிருந்தது. நான் அவளிடம் ஜெராக்ஸைக் கொடுத்து, பின் அடித்தும் கொடுத்தேன்.

அதற்குப் பிறகு மாதம் ஒரு முறை வந்தாள். ஆர்.டி.ஓ.வுக்கு ஒரு மனு, கலெக்டருக்கு ஒரு மனு, தாசில்தாருக்கு ஒரு மனு. எல்லாவற்றையும் நான்தான் போட்டுக் கொடுத்தேன். கையால் எழுதாமல் கம்ப்யூட்டரில் டைப் அடித்தேன்; ஏனென்று உனக்குப் புரியும். எந்த வார்த்தையை எழுதினால் அதிகாரி நிமிர்ந்து பார்ப்பார் என்பது என் தொழில். நகத்தைப் பற்றி எழுதியிருந்தால் பார்த்திருப்பார்கள். மூக்கைப் பற்றி எழுதியிருந்தால் பார்த்திருப்பார்கள். அவளுக்கு அது தெரியாது, துணி சுற்றித்தான் உடலைக் கொடுத்தார்கள். எனக்குத் தெரியும். தெரிந்ததை விட்டுவிட்டு, 'தக்க நடவடிக்கை எடுக்குமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்' என்று முடித்து முடித்துக் கொடுத்தேன். மனுக்கள் போன வேகத்தில் திரும்பி வந்தன. இதற்கிடையே ஒரு நாள் எஸ்.ஐ. கடை வாசலில் பைக்கை நிறுத்தி, "அந்தப் பொண்ணு இங்க வருதாமே" என்று மட்டும் கேட்டார். "ஜெராக்ஸ் எடுக்க வரும்" என்றேன். "எடுத்துக் குடுங்க, எடுத்துக் குடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். ஒரு பக்கம் அவர், ஒரு பக்கம் அவள், நடுவில் நாலடி அகலக் கடையில் நான். கடையைச் சாத்திவிட்டு எங்கேயாவது போய்விடலாமா என்றுகூட நினைத்தேன். வீட்டில் நீ புது ஷூவுக்குப் பாலீஷ் போட்டுக்கொண்டிருந்தாய்.

உனக்கு ஆர்டர் வந்தது. உன்னைச் சேலத்தில் ரயில் ஏற்றிவிட்டு வந்தோம். அடுத்த முறை கோமதி வரும்போது சொல்லிவிடுவது என்று நான் உறுதியாக இருந்தேன். நானாகச் சொன்னேன் என்று இங்கே எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. அப்படி நடக்கவில்லை. அவள் வந்தாள், ஸ்டூலில் உட்கார்ந்தாள், கடைச் சுவரில் நான் கையால் எழுதி மாட்டியிருக்கும் கட்டணப் பலகையைக் காட்டினாள். "அந்த 'ழ'வும் என்ற மனுவுல இருக்கற 'ழ'வும் ஒண்ணாத்தானுங்க இருக்குது. வால அப்படிச் சுழிச்சு வேற யாரும் எழுதறதில்லீங்க" என்றாள். "எப்ப தெரிஞ்சுதும்மா?" என்றேன். "ரெண்டாந் தடவ வந்தப்பவே தெரியுங்க. உங்க மூஞ்சியும் ஞாபகம் வந்துருச்சு. நீங்களாச் சொல்லுவீங்கன்னு பாத்தனுங்க. உங்களோட சண்ட போட்டா எனக்கு யாரு சாட்சிக்கு இருக்கறாங்க? அவரக் கடைசியாப் பாத்து எழுதுனவரு நீங்கதான். அதனால நீங்க எழுதிக் குடுத்த உதவாத மனுவயெல்லாம் வாங்கிட்டுப் போனனுங்க." குரலில் கோபமே இல்லை சாமி. என்னைத் திட்டியிருந்தால் நான் கொஞ்சம் தப்பித்திருப்பேன். அவளும் என்னைப் போலவே அடைபட்டுத்தான் என் எதிரே ஆறேழு மாதம் உட்கார்ந்திருக்கிறாள். எனக்காவது அதற்கு நான்தான் காரணம்.

அன்றைக்குப் பேனாவை எடுத்து எழுதினேன். அவள் பேரில் இல்லை, என் பேரில். காது, மூக்கு, நகம், புதுச்சட்டை, பெஞ்சில் உட்கார்ந்து எஸ்.ஐ. சொன்ன வார்த்தை, நான் வாசிக்காமல் விட்ட ஆறு வரி, எல்லாம். எழுதி முடித்ததும் முழுவதையும் அவளுக்கு வாசித்துக் காட்டினேன். நகத்தைப் பற்றிய இடம் வந்தபோது, "நிறுத்துங்க" என்று வெளியே எழுந்து போய்விட்டாள். கொஞ்ச நேரம் கழித்து வந்து உட்கார்ந்து, "ம், மேல படிங்க" என்றாள்.

அதை நான் கொண்டுபோய்க் கொடுத்த தாசில்தார் ஓய்வுபெறும் வயதுக்காரர். மனுவை இரண்டு முறை படித்தார். என்னைத் தனியாக உட்காரவைத்து, "உங்க பையன் டிபார்ட்மென்ட்ல சேந்துருக்கறாப்ல. தெரிஞ்சுதான் சொல்றீங்களா?" என்றார். "தெரிஞ்சுதானுங்க" என்றேன். "நாளைக்குக் கோர்ட்டுல வந்து அன்னிக்கு எழுதுனது பொய்யா, இன்னிக்குச் சொல்றது பொய்யான்னு கேப்பாங்க. பொய்யா எழுதுனதுக்கு உங்க மேலயே கேஸ் வரலாம்." அதற்கும் ஆமாங்க என்றேன். அவர் பெருமூச்சு விட்டுவிட்டு என் வாக்குமூலத்தை எழுத ஆரம்பித்தார். மூன்றாவது வாரம் உடலைத் தோண்டியெடுக்க உத்தரவு வந்தது.

பனமரத்துப்பட்டியில் ஏரிக்குப் போகும் வழியில் அவர்கள் புதைக்கும் இடம். தாசில்தார், வி.ஏ.ஓ., மருத்துவக் கல்லூரியிலிருந்து ஒரு டாக்டர், வேறு ஸ்டேஷன் போலீஸ், படம் எடுக்கிறவர். சுற்றிலும் பச்சை வலை கட்டியிருந்தார்கள். குழியை அடையாளம் காட்டியது கோமதி. நான் வலைக்கு வெளியே நின்றேன். டாக்டர் அவசரப்படவே இல்லை. மண்ணைக் கையாலேயே விலக்கி, எலும்பை ஒவ்வொன்றாகப் பார்த்து, பார்த்ததையெல்லாம் வாய்விட்டுச் சொல்ல, பக்கத்தில் ஒருவர் எழுதினார். நெஞ்செலும்புக்குள் இருந்த மண்ணைத் தனியாகச் சலித்தார். அதில் சோளம் இருந்தது. கறுத்து, ஊறி, உடைந்து, ஆனால் சோளம். கழுத்துப் பக்கத்திலும் இருந்தது. ஒரு பாட்டிலில் போட்டு அரக்கு வைத்தார்கள். கோமதி அதைப் பார்த்தாள். தாசில்தாரிடம் போய், "பாப்பா பள்ளிக்கூடம் உட்டு வந்துருமுங்க. மறுபடி மூடுனதும் நான் போலாங்களா?" என்று கேட்டாள். அவர் தலையாட்டினார். மூடி முடிக்கும்வரை நின்றாள். கடைசியில் அவளே மண்வெட்டியை வாங்கி நாலு வாரி போட்டுவிட்டுப் போனாள்.

மில் மேனேஜர் மேல் வழக்குப் பதிவாகியிருக்கிறது. எஸ்.ஐ.யை இடம் மாற்றி விசாரணை வைத்திருக்கிறார்கள். என் மேல் என்ன வரும் என்று இன்னும் தெரியவில்லை. மற்ற நால்வருக்கும் சம்மன் வந்துவிட்டது. டீக்கடைக்காரர் நேற்று என்னிடம் வந்து, "ஏனுங்க, நாங்க வாசல்ல நின்னவங்க. எங்கள எதுக்குங்க இழுத்து உட்டீங்க?" என்று கேட்டார். அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. வாசலில் நின்றதுதான் குற்றம் என்பதை அவருக்கு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. ஸ்டேஷனிலிருந்து இப்போது யாரும் கடைக்கு வருவதில்லை, அவர்கள் அனுப்பும் ஆட்களும் வருவதில்லை. உன் அம்மா என்னோடு பேசி எட்டு நாள் ஆகிறது. கடைசியாகப் பேசியது, "பையன் பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டீங்க" என்பது. போனில் உன்னிடம் ஒன்றும் நடக்காத மாதிரி அவள் பேசுவது எவ்வளவு கஷ்டப்பட்டு என்று எனக்குத்தான் தெரியும்.

உனக்குப் புத்திமதி சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை. ஆனாலும் அந்தப் பெஞ்சில் எதிர்ப்பக்கம் உட்கார்ந்தவன் என்ற முறையில் சிலது சொல்கிறேன். உன்னுடைய முதல் பிரேத விசாரணைக்கு ஆஸ்பத்திரி எதிரே இருக்கும் கடைக்காரர்களைக் கூப்பிடாதே. அவர்கள் உன்னை நாளைக்கும் பார்க்க வேண்டியிருக்கும். உன்னிடம் இல்லை என்று சொல்ல அவர்களால் முடியாது. யாரைக் கூப்பிட்டாலும் உள்ளே வரவைத்துப் பார்க்க வை. வாசலில் நிற்பவரிடம் கையெழுத்து வாங்காதே. ஒவ்வொருவரையும் தனித்தனியே கேள், ஒருவர் சொல்வது மற்றவருக்குக் கேட்க வேண்டாம். காதையும் மூக்கையும் நகத்தையும் உள்ளங்காலையும் நீயே பார். பெண்டாட்டியோ தாயோ எதில் கையெழுத்துப் போடுகிறார்களோ, அதை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் அவர்களுக்கு வாசித்துக் காட்டு. அப்புறம் ஒன்று. பேனாவை நீட்டும்போது எதிரே இருப்பவனுடைய பிள்ளையைப் பற்றிப் பேசாதே. நல்லதாகக்கூடப் பேசாதே.

அந்த எஸ்.ஐ. மீதான விசாரணையில் உன் வெரிஃபிகேஷனையும் கிளறுவார்கள் என்று வக்கீல் சொல்கிறார். உன்னைக் கூப்பிட்டு, உன் அப்பா செய்தது உனக்குத் தெரியுமா என்று கேட்கலாம். அப்படிக் கேட்டால் தெரியாது என்று சொல்லிவிட்டு நீ வெளியே வந்துவிடலாம் என்பதால்தான் உன் அம்மா, என்னோடு பேச்சை நிறுத்துவதற்கு முன், "அவனுக்கு எழுதாதீங்க. ஒண்ணும் தெரியாமயே இருந்துட்டுப் போவட்டும்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். ஒரு வாரம் அதையே யோசித்தேன். இந்த உறையைப் பிரிக்கும்வரை உனக்கு எதுவும் தெரியாது, அது உண்மை. இவ்வளவு தூரம் படித்த பிறகு அந்தப் பதில் உன்னிடம் இல்லை. உனக்கு இருந்த ஒரே வழியை நான் அடைத்துவிட்டேன். தெரிந்தே அடைத்தேன். தெரியாதவனாக நீ அந்த உடுப்பைப் போட்டுக்கொண்டு ஒரு பிணத்தின் பக்கத்தில் நிற்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. இதைக் கிழித்துப் போடுவதும், உன் மேலதிகாரியிடம் கொண்டுபோய்க் கொடுப்பதும், இனி என்னோடு பேசாமல் இருப்பதும் உன் இஷ்டம். எதைச் செய்தாலும் பார்த்துவிட்டுச் செய்தாய் என்றுதான் ஆகும். அதற்காக மட்டும் உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

அப்பா